டார்க் சைட் ஒஃப் த மூன்: கிளிநொச்சியில ஐந்து பெட்டிக்கு நடுவில இருந்து கேட்டது

கனகராயன் (கிளிநொச்சி):

வணக்கம் உறவுகள். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இண்டைக்கு எழுதாமல் இருக்கேலாது.

போன சனிக்கிழமை இரவு பிங்க் ஃபுளொய்ட் எண்ட இங்கிலாந்து றொக் இசைக்குழுவின்ர டார்க் சைட் ஒஃப் த மூன் அல்பத்தை முதல்தரம் 5.1 சுற்றொலியில (சுத்திவர ஐந்து ஸ்பீக்கர் பெட்டி, அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூபர்) தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் கேட்டன். 1973 மார்ச்சில வந்த இசைத்தட்டு. 30ஆம் ஆண்டுக்கு, 2003இல, ஜேம்ஸ் கத்ரி எண்டவர் அதைச் சுற்றொலிக்கு ரீமிக்ஸ் செய்தார், அதாவது பதிஞ்ச தடங்களைத் திரும்பப் புதிசாச் சேர்த்தார். அதே ரீமிக்ஸ் 2011இல வந்த பெரிய பெட்டித் தொகுப்பில புளூரேயாவும் இருக்குது. கனடாவில இருக்கிற என்ர அண்ணை அந்தத் தொகுப்பைப் பழசா வாங்கி, கார்கோ பெட்டிக்குள்ள பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில வைச்சு அனுப்பினவர். ரிசீவரும் பெட்டிகளும் கொழும்பில பாவிச்ச சாமான் வாங்கினது. ஒண்டரை வருசம் சேர்த்தனான்.

இந்த அல்பத்தை நான் முதல் கேட்டது 1996இல. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில கொட்டில் போட்டு இருந்தம். எனக்கு 16 வயசு. கப்பலில வேலை செய்த மாமா ஒருத்தர் எப்பவோ குடுத்த கசற் அது, அட்டையில முக்கோணமும் வானவில்லும். வன்னியில கரண்ட் இல்லை, பற்றி வாங்கேலாது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வாற 6 வோல்ட்டை நாலு டயோட்டுக்குள்ளாலயும் ஒரு கொண்டென்சருக்குள்ளாலயும் விட்டு ரேப் றெக்கோடருக்குக் குடுப்பம். அண்ணை கையால பெடல் சுத்துவார், நான் கேட்பன். பிறகு நான் சுத்த அவர் கேட்பார். கை களைச்சால் பாட்டும் களைக்கும், சுருதி இறங்கிக்கொண்டே போகும். அதோட அந்த றெக்கோடரில நாடாவை வாசிக்கிற ஹெட்டில இடப்பக்கம் செத்துப்போச்சு. வலப்பக்கம் மட்டும்தான்.

அதாவது பத்துப் பன்னிரண்டு வருசமா நான் மனப்பாடமா வைச்சிருந்தது இந்த அல்பத்தின்ர பாதியைத்தான். அது எனக்குத் தெரியாது. காசைப் பற்றின பாட்டின்ர தொடக்கத்தில சில்லறை கொட்டுற சத்தம் வரும் எல்லே? எனக்கு அது விட்டு விட்டுத்தான் கேட்கும். அதுதான் அந்தப் பாட்டின்ர அழகு எண்டு நினைச்சிருந்தன். பிறகு 2010க்கு மேல சிடியில கேட்கேக்கதான் தெரிஞ்சது, மிச்சச் சத்தங்கள் மற்றப் பக்கத்தால வாறது எண்டு.

இப்ப சனிக்கிழமை அந்தச் சத்தங்கள் என்னைச் சுத்தி வந்திது. கல்லாப்பெட்டி முன்னுக்கு, கடதாசி கிழியிறது பின்னுக்கு, சில்லறை தோளுக்குப் பக்கத்தில. நான் அழுதன் எண்டு எழுத வெக்கமில்லை.

முதல் இதயத்துடிப்பு எல்லாப் பெட்டியாலயும் ஒண்டா வரும். எங்க இருந்து வருது எண்டு சொல்லேலாது, அறையே துடிக்கிற மாதிரி. பிறகு மணிக்கூடுகள். பிறகு அந்த மெதுவான பாட்டில, குழுவின்ர ரிச்சர்ட் றைட் ஓகன் வாசிக்கிற இடத்தில, பாடுற ஒவ்வொரு சொல்லின்ர எதிரொலியும் முன்னால இருந்து புறப்பட்டு முதுகுக்குப் பின்னால போய்க் கரையுது. ஸ்ரீரியோவில எதிரொலி எண்டு ஒண்டு இருக்குது எண்டுதான் தெரியும். இதில அது போற தூரம் தெரியுது.

மூண்டாவது துண்டைப் பற்றி, அந்த ஓடுற சத்தம் வாறது, பிறகு எழுதுறன். அதுக்கு வேற கதை இருக்கு.

இஞ்ச வேற ஆரும் சுற்றொலியில இப்பிடிப் பழைய புறோக் றொக் (நீளமான, புதுசு புதுசாச் செய்து பார்க்கிற றொக்) அல்பங்கள் கேட்டிருக்கிறியளோ?


குழல்செட் (புதுக்குடியிருப்பு):

தம்பி, நல்ல எழுத்து. நான் 22 வருசமா லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுறவன். கோயில், கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும். பாட்டைப் பற்றிக் கதைக்க முதல் அறையைப் பற்றிக் கேட்கிறன். பெட்டியளை எங்க வைச்சனீர்? கூரை என்ன? இருக்கிற கதிரை எந்த இடம்?

ஏன் கேட்கிறன் எண்டால், சுற்றிவரச் சத்தம் வந்தால் அது சுற்றொலி எண்டு கன பேர் நினைக்கினம். கோயில் திருவிழாவுக்கு நாலு மரத்தில நாலு குழல் கட்டினால் நாலு திசையாலயும்தான் சத்தம் வரும். ஆனால் நாலிலயும் ஒரே பாட்டு. சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 170 மீற்றர் தள்ளி இருக்கிற குழல் அரைச் செக்கன் பிந்தித்தான் உம்மட காதுக்கு வரும். அதாலதான் திருவிழாவில ஐயர் சொல்லுறது விளங்காமல் குழம்பும். சுற்றொலி எண்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் வேற வேற வேலை குடுத்து, எல்லாம் உம்மட தலை இருக்கிற இடத்தில ஒரே நேரத்தில வந்து சேரவேணும்.


கனகராயன் (கிளிநொச்சி):

அண்ணை, நீங்கள் கேட்டது நல்லது. வீட்டுத்திட்ட வீடு, முன் அறை 14க்கு 11 அடி. சீற் கூரை, சீமெந்து நிலம், சுவர் வெறும் பூச்சு. முதல் நாள் பெட்டியளை நாலு மூலையில வைச்சுப் போட்டால் கிணத்துக்குள்ள பாட்டுப் போட்ட மாதிரி. கையைத் தட்டினால் 'டிங்' எண்டு ஒரு வால் வரும்.

பிறகு கதிரைக் காலில கயிறு கட்டி, அதே நீளத்தில ஐந்து பெட்டிக்கும் அளந்தன். முன்னுக்கு நடுப்பெட்டி நேர எதிரில, இடமும் வலமும் 30 பாகை விலத்தி. பின்பெட்டி இரண்டும் 110 பாகையில. அப்பிடிப் பார்த்தால் அது முழுக்கப் பின்னுக்கு இல்லை, காதுக்குக் கொஞ்சம் பின்னால. பின்பெட்டி ஒண்டுக்குக் கதவு இடைஞ்சல் குடுத்தபடியால் கயிறைவிட ஒரு அடி கிட்ட வைக்கவேண்டி வந்திது. ரிசீவரில தூரத்தை அடிச்சுக் குடுத்தன், அது அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிந்த விடும். 34 சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிசெக்கன் கணக்கு.

எதிரொலிக்கு என்ன செய்தன் எண்டு சொன்னால் நம்பமாட்டியள். அறுவடை முடிஞ்சு வீட்டில நெல்லு மூட்டை அடுக்கியிருந்தது. அதை இரண்டு பின்மூலையிலயும் கூரைக்கு அரைவாசி உயரத்துக்கு அடுக்கினன். நிலத்தில இரண்டு பாய், முன்சுவருக்கு எதிரில அம்மாவின்ர பழைய மெத்தை. அந்த 'டிங்' போச்சு. நெல்லை வித்தால் என்ன செய்யிறது எண்டுதான் யோசனை.


குழல்செட் (புதுக்குடியிருப்பு):

உமி வாங்கிச் சாக்கில கட்டி அடுக்கும். பாரம் குறைவு எண்டபடியால் அடிச்சத்தத்துக்கு நெல்லு மாதிரி வராது, ஆனால் கிறீச்சிடுற மேல்சத்தத்தைக் குடிக்கும். எலிதான் பாடு.

மழை நேரம் கேட்க வேண்டாம். சீற் கூரைக்கு மேல வேற அல்பம் ஓடும். பின்னேரம் 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில வோல்ட்டேஜ் விழுகிற பகுதி எண்டால் ரிசீவருக்கு ஒரு ஸ்ரெபிலைசர் கட்டாயம்.


ஒரிஜினல்தட்டு (வெள்ளவத்தை, ஊர் மாங்குளம்):

கனகராயன், உங்கட அனுபவத்தை மதிக்கிறன். ஆனால் ஒரு கருத்தைச் சொல்லவேணும். ரீமிக்ஸ் எண்டதே எனக்கு ஒத்துவராது.

இந்த அல்பத்தை அவையள் 1972 நடுப்பகுதி தொடக்கம் 1973 தொடக்கம் வரை அபி றோட் ஒலிப்பதிவுக்கூடத்தில இருந்து செய்தவை. அலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவாளர். கடைசி மிக்ஸுக்கு நடுநிலையா ஒரு காது வேணும் எண்டு கிறிஸ் தோமஸ் எண்ட தயாரிப்பாளரைக் கூப்பிட்டு வைச்சு, எந்தச் சத்தம் எவ்வளவு உயரம் எண்டு சண்டை பிடிச்சு முடிவெடுத்தவை. அந்த முடிவுதான் அல்பம். முப்பது வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து சத்தங்களைப் பிரிச்சு அறையைச் சுத்தி வைச்சால் அது வேற படைப்பு. கோயில் மூலஸ்தானத்தில இருக்கிற சிலையை எல்லாரும் வடிவாப் பார்க்கட்டும் எண்டு வெளியால தூக்கி வைச்ச மாதிரி.

நான் 1980களில யாழ்ப்பாணத்தில ஒரு நண்பரின்ர வீட்டில கறுப்புத் தட்டில கேட்டனான். இரண்டே இரண்டு பெட்டி. அதில குறையொண்டும் இல்லை.


கனகராயன் (கிளிநொச்சி):

ஐயா, இதுக்கு நான் வடிவாப் பதில் எழுதவேணும். ஏனெண்டால் நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான்.

இந்த இசைக்குழுவுக்குச் சுற்றொலி பிறகு வந்து ஒட்டின விசயம் இல்லை. 1967 மே மாதம் லண்டன் குயின் எலிசபெத் மண்டபத்தில கச்சேரி வைக்கேக்கயே, சத்தத்தை மண்டபத்தைச் சுத்தி அனுப்புறதுக்கு ஒரு கருவி செய்விச்சவை. அசிமத் கோ-ஓர்டினேற்றர் எண்டு பேர். றைட் ஒரு பிடியை ஆட்ட ஆட்ட சத்தம் சனத்தைச் சுத்திப் போகும். அதுக்கு ஆறு வருசத்துக்குப் பிறகுதான் இந்த அல்பம்.

இன்னொண்டு. 1973 பெப்ரவரி 27, அல்பத்தைப் பத்திரிகைக்காரருக்குப் போட்டுக் காட்டுற நிகழ்வு லண்டன் கோளரங்கத்தில நடந்திது. நாலு பெட்டிக்கான குவாட் மிக்ஸ் அதுக்குள்ள முடியேல்லை. ஸ்ரீரியோவை, அதுவும் நல்லா இல்லாத பெட்டியளில போடப்போகினம் எண்டு தெரிஞ்சு, றைட்டைத் தவிர மற்ற மூண்டு பேரும் போகாமல் விட்டிட்டினம். வானத்தைச் சுத்திவரக் காட்டுற மண்டபத்தில தங்கட பாட்டு முன்னால இருந்து மட்டும் வாறதை அவையளால ஏற்கேலாமல் போச்சு எண்டுதான் நான் அதை விளங்கிக்கொள்ளுறன்.

அந்த மணிக்கூட்டுச் சத்தம் இருக்கே, அது பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில போய் ஒவ்வொண்டாப் பதிஞ்சது. எதுக்கு? குவாட் ஒலியைச் செய்து காட்டுறதுக்கு. அல்பத்துக்காகப் பதிஞ்சதில்லை. நாலு பெட்டிக்காகப் பிறந்த சத்தத்தைத்தான் இரண்டு பெட்டிக்குள்ள அடைச்சு நாங்கள் அம்பது வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்.

மற்றது, பிரிச்சு வைக்கிறதைப் பற்றி. அவையளுக்கு ஒரு நாடாவில தனித்தனியாப் பதிய இருந்தது 16 தடம். அது நிரம்பினதும் சில தடங்களைச் சேர்த்து அடுத்த நாடாவுக்கு மாத்தி இடம் எடுக்கவேணும். ஒவ்வொருதரம் மாத்தேக்கயும் நாடாவின்ர இரைச்சல் கூடும், கூர்மை குறையும். கத்ரி அந்த முதல் நாடாக்களைத் தேடி எடுத்து ஒத்திசைச்சுத்தான் மிக்ஸ் செய்தவர். நிக் மேசனின்ர ட்றம்ஸைச் சுற்றொலியில கேட்டுப்போட்டுப் பழைய சிடியில கேளுங்கோ. முகம் கழுவிப்போட்டு வந்த மாதிரி இருக்கும்.


மிஸ்ரம் (வவுனியா):

அந்தக் காசுப் பாட்டைப் பற்றி ஒருத்தரும் தாளத்தைக் கதைக்கேல்லை. என்ர அப்பப்பா தவில். நான் சின்னனில இந்தப் பாட்டை வீட்டில போடேக்க அவர் முற்றத்தில இருந்துகொண்டு தொடையில தட்டத் தொடங்கிட்டார். 'டேய், இது ஏழெல்லோ' எண்டார். உண்மைதான், ஏழு எண்ணிக்கை. தொடக்கத்தில வாற சில்லறை, கடதாசி, கல்லாப்பெட்டிச் சத்தமும் ஏழு துண்டு. நாடாவை அளந்து வெட்டி வளையமா ஒட்டிச் சுத்தவிட்டவை. குழுவில இருந்த றொஜர் வோட்டர்ஸ் தன்ர மனிசியின்ர மட்பாண்ட வேலைக்கான கிண்ணத்துக்குள்ள சில்லறையைப் போட்டுப் பதிஞ்சவர்.

சாக்ஸபோன் மட்டும் ஏழில போய், கிற்றார் வரேக்க நாலுக்கு மாறும். அப்பப்பா அந்த இடத்தில நிமிர்ந்து இருந்தவர். 'இப்ப அவனுக்கு ஓட வெளி கிடைச்சிட்டுது' எண்டார்.

கனகராயன், உங்களுக்கு வலப்பக்கம் மட்டும் கேட்டது எண்டால் ஏழில அரைவாசியை விட்டுத்தான் எண்ணியிருப்பியள். அதை யோசிச்சுக்கொண்டே இருக்கிறன். சுற்றொலியில அந்த ஏழும் எந்த ஒழுங்கில சுத்துது? வட்டமாப் போகுதோ, குறுக்கால பாயுதோ?


கனகராயன் (கிளிநொச்சி):

மிஸ்ரம், அந்தப் பெட்டித் தொகுப்பில இரண்டு சுற்றொலி மிக்ஸ் இருக்குது. கத்ரியின்ர 5.1, மற்றது பார்சன்ஸ் 1973இலயே முடிச்ச நாலு பெட்டி குவாட். கத்ரியின்ரயில சத்தங்கள் ஒண்டோடொண்டு கைகோத்து வழுக்கிக்கொண்டு போகும். பார்சன்ஸின்ரயில ஒவ்வொண்டும் ஒவ்வொரு மூலையில நிண்டு அடிக்கும். உங்கட அப்பப்பாவுக்கு எண்டால் நான் பார்சன்ஸின்ரதைத்தான் போடுவன். தாளம் மூலைமூலையாப் பிரிஞ்சு நிக்கேக்க எண்ண லேசு.

பார்சன்ஸ் கத்ரியின்ர மிக்ஸைக் கேட்டுப்போட்டு, மூலத்துக்குக் கொஞ்சம் கூடுதலா விசுவாசமா இருந்திட்டார் எண்ட மாதிரிச் சொன்னவர். மொத்தத்தில பாராட்டினவர்தான். வெள்ளவத்தை ஐயா, பாருங்கோ, நீங்கள் மூலத்தைக் கெடுத்தது எண்டு சொல்லுற அதே மிக்ஸை மூலத்தைப் பதிஞ்ச மனிசன் மூலத்தை விட்டு விலகேல்லை எண்டு குறை சொல்லுறார்.


ஒரிஜினல்தட்டு (வெள்ளவத்தை, ஊர் மாங்குளம்):

கோளரங்கக் கதை எனக்குத் தெரியாது. நன்றி. அது என்னை யோசிக்க வைக்குது.

ஆனால் ஒண்டு. குவாட்டைப் பார்சன்ஸ் தனியத்தான் செய்தவர், குழு பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாப் பார்த்து முடிச்சது ஸ்ரீரியோவை. அவையள் ஆசைப்பட்டது வேற, கையெழுத்துப் போட்டது வேற. நான் கையெழுத்துப் போட்டதோடதான் நிக்கிறன். கறுப்புத் தட்டில இரண்டு தடத்துக்குள்ள நாலைச் சுருட்டி வைச்ச எஸ்கியூ முறையும் அந்த நாளில சரியாப் பிரியேல்லை, முன்னும் பின்னும் கலந்துதான் கேட்கும். அதாலயும் எனக்கு நம்பிக்கை வரேல்லை.

புளூரேயில அந்தப் பிரச்சினை இல்லை எண்டு விளங்குது. ஊருக்கு வரேக்க ஒருக்கா வந்து கேட்கலாமோ?


கனகராயன் (கிளிநொச்சி):

ஐயா, எப்பவும் வாங்கோ. ஏ9 பாதையில இருந்து இரண்டு கிலோமீற்றர்தான்.


நாயாற்றுக்காற்று (முள்ளியவளை):

அண்ணை, நான் 2001இல பிறந்தனான். ரிசீவர், பெட்டி எல்லாம் வாங்க வசதியில்லை. 2023இல 50ஆம் ஆண்டுக்கு வந்த டொல்பி அட்மோஸ் (மேலாலயும் சத்தம் வாற சுற்றொலி முறை) மிக்ஸை ஹெட்போனில கேட்டன். அதுவும் கத்ரிதான் செய்தது. முல்லைத்தீவில இருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில போகேக்க.

பக்கத்தால வாற சத்தங்கள் நல்லாத் தெரியும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பிடிக்கக் கஷ்டமாக் கிடந்தது. பிறகு வாசிச்சுப் பார்த்தன். காதுமடலின்ர வடிவத்தில பட்டு வாற மாற்றத்தை வைச்சுத்தான் மூளை முன்னா பின்னா எண்டு முடிவெடுக்குதாம். ஹெட்போன் மிக்ஸ் ஒரு பொதுக் காதுக்குக் கணக்குப் போட்டிருக்கும், அது என்ர காது இல்லை. மற்றது நாங்கள் சந்தேகம் வந்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பம். ஹெட்போனில தலையைத் திருப்பினால் பாட்டும் சேர்ந்து திரும்புது.

நீங்கள் மூண்டாவது துண்டைப் பற்றிப் பிறகு எழுதுறன் எண்டியள். நான் அதைக் கடைசி வரைக்கும் கேட்கேல்லை. பஸ்ஸில நிப்பாட்டிட்டன். உங்களுக்கும் அப்பிடி ஏதாவதோ எண்டு கேட்கத்தான் எழுதினனான்.


கனகராயன் (கிளிநொச்சி):

தங்கச்சி, நீர் கேட்டபடியால் எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்கு: அந்தத் துண்டில பாட்டு இல்லை. எட்டுச் சுரம் கொண்ட ஒரு வரிசையை ஒரு சின்ன சின்தசைசர் பெட்டியில அடிச்சு, அதை வேகமாச் சுத்தவிட்டிருக்கினம். விமான நிலைய அறிவிப்பு, ஆரோ மூச்சுவாங்க ஓடுற காலடி, கடைசியில வானூர்தி இரைஞ்சு வந்து வெடிக்கும். பிரயாணம் செய்து செய்து களைச்ச ஆக்களின்ர பயத்தைச் செய்த துண்டு அது.

5.1இல அந்தச் சுரவரிசை தலையைச் சுத்துது. காலடியும் சுத்துது. முதல் பத்துச் செக்கனுக்குள்ளயே என்ர உடம்புக்கு விளங்கிட்டுது, எனக்குப் பிறகுதான் விளங்கினது. வண்டு. 2008, 2009இல வன்னியில இருந்த ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேல ஆளில்லாத விமானம் இரவு பகலா அதே சுதியில சுத்திக்கொண்டிருக்கும். அது போனாப் பிறகு கிபிர், குண்டு போடுற விமானம், வரும்.

எங்களுக்குச் சத்தம் எந்தத் திசை எண்டது உயிர். தூரத்தில குத்துற சத்தம் கேட்டவுடன எண்ணத் தொடங்குவம். கூவிக்கொண்டு தலைக்கு மேலால போனால் எங்களுக்கில்லை. கூவல் கேட்காட்டில் படு. சின்னப் பிள்ளையளே கண்ணை மூடிக்கொண்டு திசை சொல்லுவினம். அந்தக் காது இன்னும் எங்களிட்ட இருக்குது. நான் நினைக்கிறன், சுற்றொலி எங்களுக்கு மற்ற ஆக்களைவிட ஆழமாப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா குசினிக்குள்ள நிண்டவ. வெடிக்கிற இடம் வந்திது. சப்வூபர் நிலத்தை அதிர்த்திது. திரும்பிப் பார்க்கிறன், அம்மா கதவுநிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கேட்டது ஒரு கேள்விதான்: "எந்தப் பக்கம்?"

நான் நிப்பாட்டி, லைற்றைப் போட்டு, ஐந்து பெட்டியையும் ஒவ்வொண்டாத் தொட்டுக் காட்டினன். இதில இருந்துதான் அம்மா, இதில இருந்துதான் எண்டு. பின்பெட்டியில கையை வைச்சுப் பார்த்தா. கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, நானே எதிர்பார்க்கேல்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. "சரி, போடு. மிச்சம் என்ன எண்டு பார்ப்பம்."

மணிக்கூடு அடிச்சவுடன திடுக்கிட்டா, பிறகு சிரிச்சா. எத்தினை மணிக்கூடு எண்டு எண்ண வெளிக்கிட்டா. அதுக்கடுத்ததுதான் பியானோவும் ஒரு பெண்ணின்ர குரலும். சொல்லே இல்லாமல் அந்தக் குரல் ஏறி ஏறிப் போய்க் கடைசியில தணிஞ்சு வருமே. அம்மா முழுக்கக் கேட்டா. முடிஞ்சாப் பிறகு சொன்னா: "இந்தப் பிள்ளை ஒப்பாரியெல்லோ சொல்லுறாள். ஆரைக் குடுத்தவள்?"


நாயாற்றுக்காற்று (முள்ளியவளை):

அண்ணை, பஸ்ஸில நான் நிப்பாட்டினது அந்த வண்டுச் சத்தத்திலதான். 2009இல எனக்கு எட்டு வயசு. அது ஏன் எண்டு இப்பதான் விளங்குது.

அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கிறா. அந்தப் பாட்டு சாவைப் பற்றினது. பாடினது கிளேர் ரொறி எண்டவ. 1973 ஜனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சொல் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லிப் பாடவிட்டிருக்கினம். சம்பளம் 30 பவுண். குரல் முழுக்க அவவின்ர சொந்தக் கற்பனை, ஆனால் இயற்றினவர் பேரில அவவின்ர பேர் இருக்கேல்லை. முப்பது வருசத்துக்குப் பிறகு வழக்குப் போட்டு, 2005இல இணக்கம் வந்து, அதுக்குப் பிறகு வந்த தட்டுகளில றைட்டின்ர பேரோட அவவின்ர பேரும் இருக்குது. எங்கட ஊரில ஒப்பாரி சொல்லுற அம்மம்மாமாரின்ர பேரை ஆர் எழுதி வைச்சது எண்டு நினைச்சன்.

ஒரு வேண்டுகோள். இந்த அல்பத்தை ஊரில ஆருக்காவது போட்டுக் காட்டுறியள் எண்டால் அந்த மூண்டாவது துண்டைப் பற்றி முதலே சொல்லுங்கோ. வேண்டாம் எண்டு நினைக்கிற ஆக்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும்.


குழல்செட் (புதுக்குடியிருப்பு):

பிள்ளை சொல்லுறது சரி. நான் கோயில் வெடிக்கே இப்ப முதல் ஒலிபெருக்கியில அறிவிச்சுப்போட்டுத்தான் கொளுத்த விடுறது. தம்பி, சப்வூபரை இரண்டு மூண்டு டெசிபல் குறைச்சு வையும். சீமெந்து நிலத்தில மூலைக்குள்ள வைச்சால் அது தேவையில்லாமல் கூட்டிக் குடுக்கும். மூலையில இருந்து ஒரு கதவு அகலம் முன்னுக்கு இழுத்து வையும்.


கனகராயன் (கிளிநொச்சி):

தங்கச்சி, கட்டாயம் சொல்லுவன். அண்ணை, இண்டைக்குக் காலமை இழுத்து வைச்சிட்டன். இதயத்துடிப்பு இப்ப குடைச்சல் இல்லாமல் கேட்குது.


பழையடைனமோ (ஸ்காபரோ):

கணக்குத் திறந்து மூண்டு மணித்தியாலம். முதல் பதிவு.

டேய் தம்பி, நான் உன்ர அண்ணன். நீ எழுதினதை மனிசிக்கும் பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டினன். ஒரு பிழை இருக்குது, திருத்தவேணும். 'பிறகு நான் சுத்த அவர் கேட்பார்' எண்டு எழுதியிருக்கிறாய். நீ சுத்தினது குறைவு. உனக்குக் கை வலிக்கும். இரண்டாம் பக்கம் வரேக்க நீ நித்திரையாப் போடுவாய், நான் தனியச் சுத்திக்கொண்டே கேட்பன். டைனமோ சில்லில உரசுற சத்தம் காதுக்குள்ள. அதுக்கு மேலால அந்தக் கடைசிப் பாட்டு வரும். முடிவில இதயத்துடிப்பு வருது எண்டே எனக்குத் தெரியாதடா. டைனமோ அதை மூடிப்போடும். கனடாவுக்கு வந்து 2004இல ஒரு கடையில நிண்டு கேட்கேக்கதான் தெரிஞ்சது. பாட்டு முடிஞ்சாப் பிறகும் கடைக்காரன் எடுக்கேல்லை, அந்தத் துடிப்பு மட்டும் அடிச்சுக்கொண்டு கிடந்தது.

இஞ்ச எனக்கு 5.1 இல்லை. அடுக்குமாடி வீடு, கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வினம். அதாலதான் தட்டை உனக்கு அனுப்பினனான்.

ஓகஸ்ட்டில வாறன். அம்மாவுக்குச் சொல்லு.


கனகராயன் (கிளிநொச்சி):

அண்ணை, அம்மா பக்கத்தில இருக்கிறா, வாசிச்சுக் காட்டினன். ஒடியல்கூழ் காய்ச்சுறது எந்த நாள் எண்டு இப்பவே கேட்கிறா.

கயிறு கட்டி அளந்த கதிரை ஒண்டுதான் இருக்கு. அது உங்களுக்கு. ஓகஸ்ட்டில சிறுபோக நெல்லும் வெட்டி வந்திடும், மூட்டை அடுக்கியிருக்கும். கரண்ட் போனால் எண்டு யோசிச்சு குழல்செட் அண்ணையிட்ட ஜெனரேற்றர் கேட்டிருக்கிறன், வளவுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைச்சால் இரைச்சல் கேட்காது எண்டவர். கடைசித் துடிப்பு நிக்கும் வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது எண்டு எல்லாருக்கும் சொல்லி வைக்கிறன்.